மாடித் தோட்டம்

மாடித் தோட்டம் என்பது வீடு, அடுக்ககம் போன்ற கட்டடங்களின் மொட்டை மாடியில் தொட்டி, பை, பெட்டி முதலிய கொள்கலன்களில் காய்கறி, கீரை, மூலிகை போன்றவற்றை வளர்க்கும் முறையாகும். நிலமில்லாத நகர வீடுகளில் இது புழக்கடைத் தோட்டத்தின் இடத்தை ஓரளவு நிரப்புகிறது. விதைத்தல், நீர் ஊற்றுதல், எருவிடுதல் ஆகியவற்றில் இது நிலத்துத் தோட்டத்தை ஒத்ததாயினும், இரண்டிற்கும் அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. நிலத்தில் மண்ணின் எடையையும் மிகுதியான நீரையும் பூமி ஏற்றுக்கொள்கிறது. மாடியில் இவ்விரண்டையும் கட்டடமே தாங்க வேண்டியுள்ளது. எனவே, எந்தச் செடியை வளர்ப்பது என்பதற்கு முன்பாக, கூரை எவ்வளவு எடையைத் தாங்கும், ஊற்றும் நீர் எவ்வழியே வெளியேறும் என்னும் இரண்டும் முடிவு செய்யப்பட வேண்டும்.

பின்னணி

தமிழ்நாட்டு ஊர்ப்புற வீடுகளில் கிணற்றடியிலும் குளியலறை நீர் ஓடும் வாய்க்கால் ஓரத்திலும் வாழை, முருங்கை, கறிவேப்பிலை, அவரை, கீரை ஆகியவற்றை வளர்ப்பது வழக்கம். இதற்கெனத் தனியாக நீரோ எருவோ செலவிடப்படுவதில்லை. வீட்டின் கழிவு நீரும் அடுப்புச் சாம்பலும் சாணமும் கொல்லைக்குச் சென்று காய்கறியாகத் திரும்பின. நகரங்களில் மனைகள் சுருங்கி அடுக்ககங்கள் பெருகியபோது இச்சுழற்சி அறுந்தது. வெயில் தடையின்றி விழும் வெற்றிடமாக மொட்டை மாடி மட்டுமே எஞ்சியது.

தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை 2013-14ஆம் ஆண்டில் சென்னை, கோயம்புத்தூர் ஆகிய நகரங்களில் 'நீங்களே செய்து பாருங்கள்' என்னும் மாடித் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. வளர்ப்புப் பைகள், தென்னை நார்க்கழிவு, விதைகள், உரங்கள், சிறு கருவிகள் முதலியவை அடங்கிய தொகுப்பு இத்திட்டத்தில் மானிய விலையில் வழங்கப்பட்டது. இத்தொகுப்பு அரசு வழக்கில் 'தளை' எனப்படுகிறது. 2020ஆம் ஆண்டின் கொரோனா ஊரடங்குக் காலத்தில் வீட்டிலேயே தங்கியிருந்த பலர் மாடித் தோட்டத்தில் ஈடுபட்டனர்.

கட்டடம் தாங்கும் சுமை

கட்டடங்களின் மீது வரும் சுமைகளைக் குறித்த இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 875 (பகுதி 2, 1987) என்னும் நெறிமுறையின்படி, மக்கள் ஏறிச் செல்ல வழியுள்ள தட்டைக் கூரை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன் மாறுசுமைக்கு வடிவமைக்கப்படுகிறது. இது ஏறத்தாழ 150 கிலோகிராம் எடைக்குச் சமம். ஏறிச் செல்ல வழியில்லாத கூரைக்கு இவ்வளவு அதில் பாதியே. மாடிக்கு வரும் மனிதர்களின் எடையும் உலர்த்தும் பொருட்களின் எடையும் இந்த அளவுக்குள்ளேயே அடங்கவேண்டும். ஆகவே தோட்டத்தின் சுமையைச் சதுர மீட்டருக்கு 75 கிலோவுக்குள் நிறுத்துவது பாதுகாப்பானது.

ஈரமான மண் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,800 கிலோ எடை கொண்டது. தளத்தின் மேல் வெறும் 10 செ.மீ. உயரத்துக்கு மண் பரப்பினாலே சுமை சதுர மீட்டருக்கு 180 கிலோ ஆகிவிடும். மாடியில் நேரடியாக மண் கொட்டிப் பாத்தி அமைப்பது இக்காரணத்தால் தவிர்க்கப்படுகிறது.

30 செ.மீ. விட்டமும் 30 செ.மீ. உயரமும் கொண்ட ஒரு பையின் கொள்ளளவு ஏறத்தாழ 21 லிட்டர். இதனைக் கொண்டு சுமையைப் பின்வருமாறு கணக்கிடலாம்.

- ஈர மண் மட்டும் நிரப்பிய பையின் எடை ஏறத்தாழ 38 கிலோ. இத்தகைய பைகளை ஒன்றையொன்று தொடுமாறு அடுக்கினால் சுமை சதுர மீட்டருக்கு 420 கிலோ.
- அதே பைகளை மையத்திலிருந்து மையத்துக்கு 60 செ.மீ. இடைவெளியில் வைத்தால் சுமை 106 கிலோ.
- மண், தென்னை நார்க்கழிவு, எரு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்பினால் ஒரு பை ஏறத்தாழ 21 கிலோ. இவற்றை 60 செ.மீ. இடைவெளியில் வைத்தால் சுமை 60 கிலோவுக்குள் அடங்கும்.

இடைவெளியும் இலகுவான கலவையும் சேர்ந்தே கூரையைக் காக்கின்றன என்பது இக்கணக்கிலிருந்து விளங்கும். கனமான தொட்டிகளைத் தளத்தின் நடுப்பகுதியில் வைக்காமல், கீழே சுவரோ உத்தரமோ செல்லும் கோட்டின் மீது வைத்தல் வேண்டும். நிறைந்த 200 லிட்டர் நீர்ப் பீப்பாய் ஒன்று ஒரு சிறிய வட்டத்தின் மீது 200 கிலோவை இறக்குவதால், அதனைத் தூணுக்கு நேர் மேலாக வைப்பதே முறை. சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி விளிம்பிலும் சன்னல் மேலுள்ள வெயில் மறைப்புகளிலும் கனமான தொட்டிகளை வைத்தல் கூடாது. மரச்சட்டங்களின் மேல் செங்கற்களை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்திட்ட பழைய 'மெட்ராஸ் ஒட்டு'க் கூரைகள், இரும்புக் கம்பி வெளியே தெரியும் கூரைகள், விரிசலுற்ற கூரைகள் ஆகியவற்றின் மீது கட்டடப் பொறியாளரின் கருத்தைப் பெறாமல் தோட்டம் அமைப்பது இடர் விளைவிக்கும்.

நீர்க்கசிவும் வடிகாலும்

மாடித் தோட்டங்கள் பாதியில் கைவிடப்படுவதற்குக் கூரைக் கசிவு ஒரு காரணமாகும். கசியும் நீர் கற்காரையினுள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவேறிய கம்பி பருத்து, அதைச் சூழ்ந்த கற்காரையைப் பெயர்த்துவிடும். தோட்டம் அமைக்குமுன் பின்வருவன சரிபார்க்கப்பட வேண்டும்.

- தளத்தில் வாளி நீரை ஊற்றி, அது தேங்காமல் வாட்டம் பிடித்து வடிகுழாயை அடைகிறதா எனப் பார்த்தல்.
- தட்டோட்டு இணைப்புகளிலும் கைப்பிடிச் சுவரின் அடியிலும் உள்ள விரிசல்களை அடைத்து, நீர்க்காப்புப் பூச்சு இடுதல்.
- பைகளைத் தளத்தின் மீது நேரடியாக வைக்காமல், செங்கல் அல்லது இரும்புச் சட்டத்தின் மேல் குறைந்தது நான்கு விரல் உயரத்தில் வைத்தல். இதனால் அடியில் காற்றோட்டம் இருக்கும். தளம் உலரும். பெருக்கித் துப்புரவு செய்யவும் இயலும்.
- வடிகுழாயின் வாயில் வலை பொருத்தி, இலையும் மண்ணும் அடைக்காமல் தடுத்தல்.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மாடித் தோட்டமுள்ள வீட்டில் கூரை நீருடன் மண்ணும் எருச்சாறும் கலந்து கிணற்றைச் சென்றடையக்கூடும். ஆகவே முதல் மழையின் நீரை வெளியே திருப்பிவிடுவதும், சேகரிப்புத் தொட்டிக்கு முன் மணல், கருங்கல் சல்லி கொண்ட வடிகட்டி அமைப்பதும் தேவையாகின்றன.

தொட்டிகளின் அடியில் வைக்கும் தட்டுகளில் நீர் தேங்கினால் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு அதில் முட்டையிடும். வெப்பமான காலத்தில் முட்டை ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களில் கொசுவாகிவிடும். வாரம் ஒருமுறை எல்லாத் தட்டுகளையும் கவிழ்த்துத் தேய்த்து உலர்த்தினால் இச்சுழற்சி முறிக்கப்படும்.

கொள்கலன்களும் வளர்ப்புக் கலவையும்

வெயிலைத் தாங்கும் நெகிழிப் பைகள், மண் தொட்டிகள், பழைய வாளிகள், மரப்பெட்டிகள் ஆகியன கொள்கலன்களாகப் பயன்படுகின்றன. எதுவாயினும் அடியிலும் பக்கவாட்டின் கீழ்ப்பகுதியிலும் வடிதுளைகள் இருத்தல் வேண்டும். வண்ணப்பூச்சு, பூச்சிமருந்து, தொழிற்சாலை வேதிப்பொருள் ஆகியவை இருந்த கொள்கலன்களில் உணவுப் பயிர் வளர்த்தல் கூடாது. கீரைக்கு 15 செ.மீ. ஆழமே போதும். கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை ஆகியவற்றுக்கு 30 செ.மீ. ஆழமும், கொடிக் காய்களுக்கு அதனினும் பெரிய கொள்கலனும் தேவை.

செம்மண், மக்கிய தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஆகியவற்றைச் சம பங்காகக் கலந்து, ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்ப்பது பரவலான முறையாகும். நார்க்கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு நீரை ஈர்த்து வைக்கும் தன்மையுடையது. ஐந்து கிலோ எடையுள்ள அழுத்தப்பட்ட கட்டி ஒன்று ஊறியபின் ஏறத்தாழ 60 முதல் 70 லிட்டர் வரை உப்பும். எனினும் புதிய நார்க்கழிவில் உப்பும் துவர்ப்புப் பொருளான தனினும் மிகுந்திருக்கும். நல்ல நீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்து அலசியபின், அல்லது சிப்பிக்காளான் வித்து இட்டு மக்கச்செய்தபின் அது பயன்படுத்தப்படுகிறது. அலசாத நார்க்கழிவில் நட்ட நாற்றுகள் இலை நுனி கருகி நின்றுவிடும்.

கலவை நாளடைவில் மக்கி இறங்கும். ஒவ்வொரு பயிரும் முடிந்தபின் பையைக் கொட்டி வேர்களை நீக்கி, வெயிலில் காயவைத்து, கால் பங்கு புதிய எரு சேர்த்து மீண்டும் நிரப்புவர்.

வெளிச்சமும் வெப்பமும்

காய்க்கும் செடிகளுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் தேவை. கீரைகளும் புதினா, கொத்தமல்லி போன்றவையும் மூன்று அல்லது நான்கு மணி நேர வெயிலிலும் வளரும். தமிழ்நாட்டில் வெயில் குறைவதைக் காட்டிலும் மிகுவதே இடராக அமைகிறது. ஏப்ரல், மே மாதங்களில் கற்காரைத் தளம் வெப்பத்தை உறிஞ்சி இரவிலும் வெளிவிடுவதால் பையினுள் வேர்கள் வெந்து போகின்றன. பகல் வெப்பம் 35 பாகை செல்சியசைக் கடந்து இரவும் வெம்மையாக இருப்பின் தக்காளியின் மகரந்தம் கெட்டுப் பூக்கள் உதிர்கின்றன. இக்காலத்தில் 35 முதல் 50 விழுக்காடு நிழல் தரும் பச்சை வலையைத் தலைக்கு மேல் கட்டுவதும், பைகளின் மேற்பரப்பைக் காய்ந்த இலை அல்லது தென்னை மட்டை நாரால் மூடுவதும் வழக்கம்.

பயிர்களும் பருவமும்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் பழமொழி மாடித் தோட்டத்துக்கும் பொருந்தும். ஆடி (சூலை நடுப்பகுதி), தை (சனவரி நடுப்பகுதி) ஆகிய இரு பட்டங்களும் பெரும்பாலான காய்கறிகளுக்கு ஏற்றவை.

- முளைக்கீரை, சிறுகீரை: நேரடி விதைப்பு. 25 முதல் 30 நாட்களில் அறுவடை. அரைக்கீரையைப் பலமுறை கிள்ளலாம்.
- வெண்டை: நேரடி விதைப்பு. ஏறத்தாழ 45ஆம் நாளில் முதல் காய். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிடில் காய் முற்றிவிடும்.
- முள்ளங்கி: நேரடி விதைப்பு. ஏறத்தாழ 45 நாட்கள்.
- தக்காளி: 25 நாள் நாற்று. நட்ட இரண்டு மாதங்களில் காய்ப்பு.
- கத்தரி: 30 முதல் 35 நாள் நாற்று. நட்ட இரண்டு மாதங்களில் காய்ப்புத் தொடங்கிப் பல மாதங்கள் நீடிக்கும்.
- மிளகாய்: 40 நாள் நாற்று. நட்ட இரண்டரை மாதங்களில் காய்ப்பு.
- பாகல், புடல், பீர்க்கு, சுரை: பந்தல் தேவை.
- கொத்தமல்லி: விதையை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். புதினா தண்டுத் துண்டிலிருந்தே வளரும்.

வீரிய ஒட்டு விதையிலிருந்து வளர்ந்த செடியின் விதையைச் சேமித்து மீண்டும் விதைத்தால் தாய்ச்செடியின் பண்புகள் சீராக வருவதில்லை. ஆண்டுதோறும் விதை எடுக்க விரும்புவோர் நாட்டு வகைகளையும் வேளாண் பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட ஒட்டல்லாத இரகங்களையும் தெரிவு செய்கின்றனர். கடையில் வாங்கும் விதை நிறமேற்றப்பட்டிருப்பின் அது பூஞ்சைக்கொல்லி கலந்ததாகும். அதனை உண்ணலாகாது.

பந்தல் அமைத்தல்

கொடிப் பந்தலுக்கு மூங்கில் அல்லது இரும்புக் குழாயும் நைலான் கயிறும் பயன்படுகின்றன. தளத்தில் துளையிட்டுக் கால் ஊன்றினால் நீர்க்காப்பு கெடும். அதற்கு மாற்றாகக் கற்காரை நிரப்பிய வாளிகளில் கால்களை நட்டு, அவற்றைக் கைப்பிடிச் சுவருடன் பிணைக்கலாம். பந்தலும் நிழல்வலையும் காற்றில் பாய்மரம் போல் இழுபடுபவை. 2016ஆம் ஆண்டு திசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. புயல் எச்சரிக்கை வந்தவுடன் வலையை அவிழ்த்துச் சுருட்டுவதும் தொங்கு தொட்டிகளைத் தரையில் இறக்குவதும் தேவை. கைப்பிடிச் சுவரின் மேல் எக்காலத்திலும் தொட்டி வைத்தலாகாது. அது விழுவது தெருவில் செல்வோர் மீதாகும்.

நீர்ப்பாசனம்

20 லிட்டர் பையிலுள்ள வளர்ந்த காய்கறிச் செடி கோடையில் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் வரை நீர் கொள்ளும். 40 பைகள் கொண்ட தோட்டத்துக்கு 80 லிட்டர் தேவைப்படலாம். இந்திய நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு வழங்கவேண்டிய குடிநீர் அளவாகத் திட்டமிடப்படுவது 135 லிட்டர். இவற்றை ஒப்பிட்டால் தோட்டத்தின் நீர்ச்செலவு சிறிதன்று. 2019ஆம் ஆண்டு சூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டு சென்னை நீருக்குத் தவித்தபோது, லாரி நீரைக் குடத்தில் பிடித்த வீடுகளில் செடிகளுக்கு நீர் எஞ்சவில்லை. எனவே கோடையில் பைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதும் தோட்டத் திட்டத்தின் ஒரு பகுதியாகும்.

அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீரும் குளிரூட்டிப் பெட்டியிலிருந்து சொட்டும் நீரும் செடிகளுக்கு ஏற்றவை. ஆர்.ஓ. வடிகட்டி வெளியேற்றும் நீரிலும் கடலோர ஆழ்குழாய்க் கிணற்று நீரிலும் உப்பு மிகுதி. இவற்றைத் தொடர்ந்து ஊற்றினால் பையின் மேற்பரப்பில் வெண்ணிறப் படலம் தோன்றும். அந்நிலையில் மழைநீரையோ நல்ல நீரையோ அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றி உப்பைக் கழுவ வேண்டும்.

வீட்டிலேயே அமைக்கும் சொட்டுநீர்ப் பாசனத்தில் ஒரு கணக்கு தவறுவதுண்டு. வழக்கமான சொட்டுவான்கள் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தத்துக்கு வடிவமைக்கப்பட்டவை. ஒரு மீட்டர் உயரத்தில் வைத்த தொட்டி தருவதோ 0.1 பார் மட்டுமே. இதனால் தொலைவிலுள்ள செடிகளுக்கு நீர் சேராது. குறைந்த அழுத்தத்தில் இயங்கும் சொட்டுவான்களையோ, ஒவ்வொரு செடிக்கும் தனித்தனியாகத் திருகி அளவிடக்கூடிய குழாய்களையோ பயன்படுத்துவது இதற்குத் தீர்வாகும். ஓரிரு நாட்கள் வெளியூர் செல்வோர், நீர் நிறைந்த வாளியிலிருந்து பருத்தித் திரியைப் பையின் மண்ணுக்குள் செலுத்தி ஈரம் காக்கின்றனர்.

சமையலறைக் கழிவும் எருவும்

இரண்டு வாளிகளின் பக்கங்களில் துளையிட்டு, காய்கறித் தோல் ஓர் அடுக்கும் காய்ந்த இலை அல்லது நார்க்கழிவு அதனினும் கனமான ஓர் அடுக்குமாக மாற்றி மாற்றி இட்டு வந்தால் இரண்டு மாத அளவில் எரு கிடைக்கும். ஒரு வாளி நிறைந்து மக்கும்போது மற்றொன்றை நிரப்பலாம். துர்நாற்றம் வீசினால் ஈரம் மிகுந்துள்ளது என்பதும், பல வாரங்களாகியும் மாற்றமில்லாவிடில் ஈரம் போதவில்லை என்பதும் பொருள். இறைச்சி, மீன், எண்ணெய்ப் பண்டம் ஆகியவற்றை இட்டால் எலியும் ஈயும் வரும். மண்புழுத் தொட்டி நிழலிலேயே இருக்கவேண்டும். வெயிலில் காயும் மாடியில் புழுக்கள் இறந்துவிடும்.

மகரந்தச் சேர்க்கையும் பூச்சித் தாக்குதலும்

பாகல், புடல், பீர்க்கு, சுரை, பூசணி ஆகியவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியானவை. தேனீக்கள் வராத உயர்ந்த மாடிகளில் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தால், மகரந்தச் சேர்க்கை நிகழவில்லை எனக் கருதலாம். அடியில் சிறு பிஞ்சுடன் இருப்பது பெண் பூ. ஆண் பூவைப் பறித்து இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவ வேண்டும். பாகலும் பூசணியும் அதிகாலையிலும், பீர்க்கும் சுரையும் மாலையிலும் மலர்வதால் அந்நேரங்களில் இதனைச் செய்வர். துளசி, செண்டுமல்லி போன்றவற்றை இடையிடையே வளர்ப்பது தேனீக்களை ஈர்க்கும்.

அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ ஆகியன மிகுதியாகக் காணப்படும் பூச்சிகள். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் நோயைப் பரப்புவது வெள்ளை ஈ. நோயுற்ற செடிக்கு மருந்தில்லை ஆதலால் அதனைப் பிடுங்கி அகற்ற வேண்டும். மற்றவற்றுக்கு, ஒரு லிட்டர் நீரில் 3 முதல் 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் இலையின் அடிப்புறம் படுமாறு தெளிக்கின்றனர். நாள்தோறும் இலைகளைத் திருப்பிப் பார்த்து, முதல் கூட்டத்தையே கையால் நசுக்குவது செலவற்ற முறையாகும்.

விளைச்சல்

உலக நலவாழ்வு அமைப்பு ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டுமெனப் பரிந்துரைக்கிறது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இது 1.6 கிலோ ஆகிறது. நன்கு பேணப்பட்ட கத்தரிச் செடி ஒன்று சில மாதங்களில் ஏறத்தாழ இரண்டு கிலோ காய் தரும் எனக் கொண்டால், பத்துச் செடிகள் நான்கு மாதங்களில் தருவது 20 கிலோ, அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 170 கிராம். ஒரு குடும்பத்தின் முழுக் காய்கறித் தேவையை மாடித் தோட்டம் நிறைவு செய்யும் என எதிர்பார்த்துத் தொடங்குவோர் இதனால் ஏமாற்றமடைகின்றனர்.

கீரையின் கணக்கு வேறு. ஒரு சதுர மீட்டரில் விதைத்த முளைக்கீரை ஒரு மாதத்துக்குள் 1 முதல் 1.5 கிலோ தரும். இத்தகைய நான்கு தட்டுகளை வாரத்துக்கு ஒன்றாக விதைத்து வந்தால் வாரந்தோறும் ஒரு கிலோவுக்குக் குறையாமல் கீரை கிடைக்கும். கீரையில் இரும்புச் சத்தும் உடலில் உயிர்ச்சத்து ஏ-ஆக மாறும் கரோட்டினும் உள்ளன. பறித்தபின் விரைவில் குறையும் உயிர்ச்சத்து சி, பறித்த அன்றே சமைப்பதால் பெருமளவு காக்கப்படுகிறது. கறிவேப்பிலை, புதினா, பச்சை மிளகாய் போன்று நாள்தோறும் சிறிதளவே தேவைப்படுபவையும் முழுமையாக வீட்டிலேயே கிடைக்கும். எனவே புதிதாகத் தொடங்குவோர் கீரைத் தட்டுகள் நான்கும் பைகள் பத்தும் கொண்டு தொடங்கி, ஒரு கோடையைக் கடந்தபின் விரிவாக்குவது தக்கது.

இவற்றையும் பார்க்க

- வீட்டுத் தோட்டம்
- மண்புழு உரம்
- தென்னை நார்க்கழிவு
- சொட்டு நீர்ப்பாசனம்
- மழைநீர் சேகரிப்பு
- கீரை